கோட்டுக்கு வெளியே பதினொரு பேர்

இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு உங்களுக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். சின்னக் கதைதான். பின்னால் நிற்கிறவர்கள் உட்காருங்கள்... நின்றுகொண்டு கேட்கிற கதை இல்லை இது.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். நம் மைதானம்தான், இதே இரண்டு தெரு ஹாக்கி அணிகள். மேட்டுத் தெரு நாம். கிணற்றுத் தெரு அவர்கள். அப்போதும் லீக் முடிவது செப்டம்பர் கடைசியில்தான். கடைசி மூன்று ஞாயிறும் நமக்கும் அவர்களுக்கும். மூன்றில் இரண்டு ஜெயித்தவருக்குக் கோப்பை. அந்தக் கோப்பை பதினொரு வருஷமாகக் கிணற்றுத் தெருவை விட்டு நகரவில்லை. பதினொரு வருஷம்... யோசித்துப் பாருங்கள்.

நம் ரசிகர்களுக்கெல்லாம் தலைவர் வேதமுத்து அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அவர்கள் பக்கம் கொம்பையா, சலூன் வைத்திருந்தார். மைதானத்தின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இடையில் ஆட்டம் நடக்கும். அதற்கு மேலே இவர்கள் சண்டை நடக்கும்.

"என்னவே வேதமுத்து, உங்க பயலுகளுக்கு கோல் கம்பம் எங்க இருக்குன்னு தெரியலையே. கண்ணாடி வாங்கித் தரட்டுமா?"

"அதை உங்க கீப்பருக்கு மாட்டிவிடும்வே. பந்து உள்ள போன பொறவுல்லா குனியுதான்."

நானும் மேட்டுத் தெருக்காரிதான், அப்போது பள்ளிக்கூட டீச்சர். ஆனால் நடுவர் என் கணவர். அவர் விசில் பிடிக்கிற நாளில் நான் கை தட்டுவதில்லை. அது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

அந்த வருஷம் முதல் ஞாயிறு நாம் ஜெயித்தோம். இரண்டாவது அவர்கள். மூன்றாவது ஞாயிறு காலையில்... கொம்பையா நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். ஆட்டமும் நாலு மணிக்கு. அவர்கள் அணியில் பாதிப் பேர் கொம்பையாவின் சொந்தக்காரர்கள். பாடை தூக்குவார்களா, மட்டை தூக்குவார்களா?

லீக் விதி என்ன? மழை தவிர எதற்காகவும் ஆட்டம் தள்ளிப்போகாது. நாலு மணி விசிலுக்கு எந்த அணி மட்டும் வெள்ளைக் கோட்டுக்குள் நிற்கிறதோ, அதற்கே வெற்றி. இரண்டு அணியும் நிற்கவில்லை என்றால் மட்டும் அடுத்த ஞாயிறு.

புரிகிறதா உங்களுக்கு? நாம் போய் நின்றால் போதும். கோப்பை நமக்கு.

மூன்றரை மணிக்கு நம் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். வேதமுத்து அண்ணாச்சி கொம்பையாவுக்கு மாலை போட்டுவிட்டு நேராக வந்தார். கோட்டுக்கு முன்னால் நின்றார். "உள்ள காலை வைக்காதீங்கப்பா" என்றார்.

நம் கேப்டன் ஜெபராஜ். வேலை கிடைத்து, புதன்கிழமை நாக்பூருக்கு ரயில் ஏற வேண்டியவன். இந்த மைதானத்தில் அவனுக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

"அண்ணாச்சி, அடுத்த ஞாயிறு நான் இங்க இருக்க மாட்டேன்."

"தெரியும்டே."

"நான் இல்லாம தோத்துட்டா?"

"தோப்போம்."

நான் குறுக்கே போனேன். கான்வென்ட்டில் படித்தவள், விதியை மீறினால் முழங்கால் போட்டுப் பழகியவள். விதி விதிதானே, நாம் யாரையும் ஏமாற்றவில்லையே, இந்தப் பையன் இத்தனை வருஷம் ஓடியதற்கு என்ன பதில் என்று கேட்டேன். சரியான கேள்விகள்தான் எல்லாம்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்... "டீச்சரம்மா, விதிப்படி கப்பு நமக்குத்தான். அதை வாங்கிட்டு வந்து நான் யாருகிட்ட காட்ட? அவன் அங்க படுத்துக் கிடக்கான்."

ஜெபராஜ் மைதானத்தை ஒரு முறை பார்த்தான். பிறகு மட்டையைக் கீழே வைத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் ஒருவன். அப்புறம் ஒருவன். பதினொரு பேரும்.

நாலு மணி. என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார், தனியாக நடு மைதானத்துக்குப் போனார், ஆளில்லாத மைதானத்தில் விசில் ஊதினார். அந்தச் சத்தம் அடங்கியதும் கிணற்றுத் தெருவிலிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது.

அடுத்த ஞாயிறு ஆட்டம் நடந்தது. தோற்றோம். இரண்டுக்கு ஒன்று. ஜெபராஜ் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்த மூன்று பெனால்டி கார்னரில் ஒன்றாவது உள்ளே போயிருக்கும். கிணற்றுத் தெருக்காரர்கள் நன்றி சொல்ல வரவில்லை. வழக்கம்போல வெடியோடுதான் நம் தெருவுக்கு வந்தார்கள். நாக்பூரிலிருந்து ஜெபராஜ் அண்ணாச்சிக்குக் கடிதம் போட்டிருந்தான். ஸ்கோர் மட்டும் கேட்டிருந்தான். பதில் எழுதச் சொல்லி அண்ணாச்சி என்னிடம் கொடுத்தார். எழுதினேன். எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது... அன்று அவனை உள்ளே போகச் சொன்னவள் நான்.

இதை ஏன் இன்று சொல்கிறேன்?

போன ஞாயிறு நம் கேலரியிலிருந்து ஒரு கல் போனது. கிணற்றுத் தெரு கீப்பருக்கு ஏழு தையல், இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான். சற்று முன் இந்த மண்டபத்து வாசலில் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டார்கள்: "அவன் இல்ல, இனி கப்பு நமக்குத்தான்." முகம் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன்.

ஐயா, அம்மா... எதிரில் நிற்க ஆள் இருப்பதால்தான் நாம் ஒரு அணி. அவனைப் படுக்க வைத்துவிட்டு வாங்குகிற கோப்பையை எந்த வீட்டில் வைப்பீர்கள்? யாரைக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள்? வேதமுத்து அண்ணாச்சிக்கு விதி தெரியாமல் இல்லை. தன் சந்தோஷத்தில் பாதி கொம்பையாவின் கையில் இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் ஐந்து மணி. இந்தக் கூட்டம் முடிந்ததும் நான் நேரே அங்கேதான் போகிறேன். கல் எறிந்தவன் இங்கே இருந்தால், அவன் என் கூட வரட்டும்.