மாமனாருக்குச் செய்த மெத்தை

எனக்கு உட்காருவதே பிடிக்காது மேடம். நாள் முழுக்க மற்றவர்கள் உட்காருவதைப் பற்றி யோசிக்கிறவளுக்கு நாற்காலியைக் கண்டாலே அலுப்புத் தட்டிவிடும். நீங்கள் சொன்னதால் உட்கார்ந்திருக்கிறேன்.

சக்கர நாற்காலியே கதியென்று ஆகிவிட்ட முதியவர்களுக்கு இருக்கை மெத்தை வடிவமைப்பது என் வேலை. அடியில் கெட்டியான ஸ்பாஞ்சு, மேலே ஜெல். எலும்பு அழுந்தும் இடத்தில் குழிவு, வழுக்கி இறங்காமலிருக்க முன்பக்கம் லேசான மேடு. ஒரு முதியோர் இல்லத்தில் கொடுத்துப் பார்த்தோம். வாயாரப் புகழ்ந்தார்கள். ஓர் அம்மா திருப்பித் தரவே மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

முகம் சுளித்தது எங்கள் வீட்டில் சக்கர நாற்காலியில் இருந்த என் மாமனார் ஒருவர்தான்.

"கல்லு மேல உக்காந்த மாதிரி இருக்கும்மா."

பிரித்தேன். ஜெல்லை மாற்றினேன், குழிவை ஆழமாக்கினேன்.

"இப்ப எப்படி மாமா?"

"முன்ன இருந்ததே தேவலாம்."

மறுபடி பிரித்தேன். எத்தனை முறை என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் பழைய தலையணை ஒன்றை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இந்தச் சுகம் உன் பெண்டாட்டி மெத்தையில ஏதுடா?" என்று என் கணவரிடம் கேட்டார். அவரும் சிரித்தார். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தலையணையை மட்டும் குப்பையில் போட்டேன்.

கணவர் வேலையாக வெளியூர் போனார். ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. மாமனாரைக் கவனித்துக்கொள்ள வரும் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல பெண்தான், ஆனால் ஓயாமல் அவரைத் தூக்கி நகர்த்திக்கொண்டே இருப்பாள். எந்த மெத்தையானாலும் அப்படி நகர்த்தத்தான் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம். நகர்த்திக்கொண்டே இருந்தால் மெத்தையின் அருமை யாருக்குத் தெரியும்?

மாமனார் சும்மா இருக்கவில்லை. கைப்பிடியை ஊன்றி எம்பி எம்பிப் பார்த்தார். ஆகவே கைகளைக் கட்டினேன். கயிற்றால் இல்லை, உறைக்கென்று வாங்கிய மெத்தென்ற துணியால். மணிக்கட்டில் தடம் எதுவும் இல்லாததை நீங்களே பார்த்திருப்பீர்கள். வேளாவேளைக்குச் சோறு ஊட்டினேன். முகம் துடைத்துவிட்டேன். தூக்கமும் நாற்காலியிலேயே.

கொஞ்ச நாளில் வாடை வந்தது. உறையில் காற்றோட்டம் போதவில்லை என்று நினைத்தேன். காய்ச்சல் அடித்தது, மாத்திரை கொடுத்தேன். கத்தினார். அவர் நல்ல மெத்தையிலும் கத்துகிறவர்தானே, எதை நம்புவது?

புண் எலும்பு வரை போயிருந்ததாக உங்கள் மருத்துவர் சொன்னார். சரியாக எந்த இடத்தில் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். அது தெரிந்தால்தானே குழிவை எந்தப் பக்கம் தள்ளுவது என்று எனக்குப் புரியும்? யாருமே ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்கள்.

அவர் இறந்த அன்று காலையில் என்னைக் கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. காதைக் கொண்டுபோய்க் கேட்டேன்.

"நல்லாருக்கும்மா. ரொம்ப நல்லாருக்கு. கைய மட்டும் அவுத்து விட்டுடு."

இந்த ஒரு வார்த்தைக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன். குனிந்து அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். மனசாரச் சொன்ன மாதிரி தெரியவில்லை மேடம். இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.