நிலத்தைப் பார்த்து வான் ஓட்டியவர்

பரந்தனில் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் நாற்பது வயது மதிக்கத்தக்க இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“நிலத்தைப் பாத்துப் பாத்துத்தான் மச்சாள், போனமுறை லைசன்ஸ் எடுக்கப் போய் பெயில் விட்டனான்” என்றார் யன்னலோரம் இருந்தவர்.

மற்றவர் சிரித்தார். “வான் ஓடேக்கை ஆராவது நிலத்தைப் பாப்பினமோ?”

“கண்ணிவெடி எடுத்த ஆளெல்லோ நான். முழங்காலிலை இருந்து, முன்னுக்குக் கிடக்கிற ஒரு சாண் நிலத்தைப் பாத்தே பழகிப்போச்சு. ஸ்டியறிங்கைப் பிடிச்சாலும் கண் வானின்ரை சில்லடி நிலத்துக்குத்தான் போகுது. ‘அக்கா, தூரத்தைப் பாருங்கோ’ எண்டு கத்திக் கத்தியே பழக்கினவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு.”

“வெடி எடுக்கிற வேலை முடிஞ்சுது எண்டு உங்களையெல்லாம் வீட்டை அனுப்பேக்கை, இனி என்ன செய்யிறது எண்டு அழுதுகொண்டு வந்தனி. இண்டைக்குச் சோதினை எப்பிடி?”

“பாஸ்! சந்தியிலை திருப்பி, பின்னுக்கு எடுத்து, எல்லாம் ஓடிக் காட்டினன். ஒருக்காலும் குனியேல்லை.”

“எடி, இதை ஏறின உடனை சொல்லியிருக்கலாமே!”

“திங்கக்கிழமை பள்ளிக்கூட வான் ஓடத் தொடங்கிறன். நீங்கள்தான் உங்கடை பிள்ளையை என்னோடை விடமாட்டன் எண்டனீங்கள்.”

மற்றவர் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“அது நீ பெயில் விட்ட நேரம் சொன்ன கதை. திங்கக்கிழமை அவளை முன் சீற்றிலை இருத்து. வான் ஓடுறது என்ரை மாமி எண்டு எல்லாப் பிள்ளையளுக்கும் சொல்லிக்கொண்டு போகட்டும்.”