பீடோங் மண்ணும் பக்கிரிசாமியின் கோழிக் கொட்டகையும்

சிறுதோட்டக்காரர் சங்கத்தின் சிங்கமே, சிரிக்காமலே சபையைக் கட்டியாளும் தலைவர் நவமணி அண்ணன் அவர்களே! முன்வரிசையை முந்தி வந்து பிடித்த மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! பின்னால் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்க மறுக்கும் தம்பிமாரே, எஞ்சினையாவது நிறுத்தினீர்களே, வணக்கம்!

உலகத்து விளைநிலங்களில் எல்லாம் பாஸ்பரஸ் சத்து எவ்வளவு இருக்கிறது என்று ஓர் ஆய்வுக் குழுவினர் வரைபடம் போடுகிறார்கள். அது இல்லையேல் வேர் ஓடுமா? வேர் ஓடாவிட்டால் மட்டை நீளுமா? மட்டை நீளாவிட்டால் குலை ஏது, வருமானம் ஏது, பிள்ளைகளுக்குக் கல்யாணம்தான் ஏது? அந்தக் குழுவிலிருந்து வந்த தங்கை சுபாஷினி நம்மிடம் கேட்டது என்ன? பொன்னா? பொருளா? ஆளுக்கொரு பை மண்! எண்ணெய்க்காக அவரவர் வளர்க்கும் செம்பனைத் தோட்டத்து மண்!

கொடுத்தோமா? குறுக்கே வந்து நின்றார் நம் பக்கிரிசாமி அண்ணன்.

"டேய், உலகம் பூரா பார்க்கப்போற படம் லா! இந்த வெளுத்துப்போன மண்ணைக் கொடுத்து ஊர் மானத்தை வாங்கப் போறீங்களா? என் கோழிக் கொட்டகைக்குப் பின்னால வாங்க. கோழி எச்சம் விழுந்து விழுந்து மண்ணு சும்மா கறுகறுன்னு கெடக்கு!"

சங்கமே சிரட்டையோடு போனது. எதிர்ப்புத் தெரிவித்தவை கோழிகள் மட்டுமே!

படமும் வந்தது. குறைந்த இடம் மஞ்சள், மிகுந்த இடம் சிவப்பு. நம் ஊர் பீடோங்கோ செக்கச்செவேலென்று ஜொலித்தது! ஐயா, கை தட்டாதீர்கள், அங்கேதான் வந்தது வினை. உரம் கொடுக்கும் திட்டத்தார் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். 'இவர்களுக்கு எதற்கு பாஸ்பரஸ் உரம்?' என்று லாரியைத் திருப்பிவிட்டார்கள்.

என்னக்கா? உங்கள் வாசலைத் தாண்டித்தான் போனதா? எல்லார் வாசலையும் தாண்டித்தான் போனது!

பக்கிரிசாமி அண்ணன் கடன்பட்டு மறுநடவு செய்த கன்றுகளைப் பார்த்தீர்களா? குட்டையாக நிற்கின்றன. இந்தப் பருவத்தில் உரம் விழாவிட்டால் அத்தனையும் வீண். நடந்ததைச் சுபாஷினியிடம் சொல்லிவிட்டேன். சிரித்து முடிக்கவே அவருக்கு வெகுநேரம் ஆனது. நாளைக் காலை மறுபடி மண்ணெடுக்க வருகிறார்.

என்ன பக்கிரிசாமி அண்ணே, எழுந்து நிற்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள்.

"அந்தப் பொண்ணு மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது, தம்பி? என்னான்னு சொல்றது?"

அண்ணே, நாம் பிறர் வீட்டுக்குப் போகிறோம். 'சாப்பிட்டீங்களா?' என்கிறார்கள். வயிறு கூப்பாடு போட்டாலும் 'ஆச்சு, ஆச்சு' என்கிறோமா இல்லையா? நம் வயிறு பொறுக்கும். கன்று பொறுக்குமா? அதன் பசிக்கும் நாமே 'ஆச்சு' என்று சொல்லலாமா? சொல்லலாமா?

நாளை சுபாஷினியைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். நடுத்தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். அந்த வெளுத்த மண்ணை உங்கள் கையாலேயே அள்ளிக் கொடுங்கள். கொடுத்துச் சொல்லுங்கள்: "இன்னும் சாப்பிடலம்மா."

கொசுக்கடியிலும் காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பதால் கைகூப்பி இறங்குகிறேன். வணக்கம்!