எட்டாம் எண்

இடம்: வெளிநாட்டுப் பல்கலைக்கழக விடுதியின் மூன்றாம் மாடி, கோடியறை. நேரம்: பிற்பகல் மூன்று மணி.

இருந்தவர்கள்:

பத்திரம். மேசை நாற்காலியில், பேனாவும் அடிக்கோலுமாக. அப்பா பத்திரம் எழுதுபவர் என்பதால் இந்தப் பட்டப்பெயர். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் மட்டும் படிக்க வந்தவள். இன்னும் பதினாறு நாளில் ஊர் திரும்புகிறாள்.

கம்பளி. தரையில், ஹீட்டருக்கு முதுகு கொடுத்து. போர்வையைவிட்டு வெளியே வராததால் இந்தப் பட்டப்பெயர். ஒரு வருடத்துக்கு வந்தவள். இன்னும் ஆறு மாதம் பாக்கி.

மூன்றாவதாக, பத்திரத்தின் அப்பா. இன்று காலை வந்த கடிதமாக, டீ கோப்பையில் சாய்ந்து மேசைமேல் நிற்கிறார்.

*

கம்பளி: ...அதை எதுக்குடி அப்பாவுக்கு எழுதறே? வாஷிங் மெஷின் உன் சாக்ஸைத் தின்னுடுச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

பத்திரம்: ஆறு ஜோடி எடுத்துட்டுப் போனியே, பத்திரமா இருக்கான்னு போன லெட்டர்ல மறுபடியும் கேட்டிருந்தார். கேட்டதுக்குப் பதில் சொல்லணும்.

கம்பளி: சாக்ஸுக்குமா?

பத்திரம்: சாக்ஸுக்கும்தான். எண் இரண்டு. "ஆறு ஜோடியில் மூன்று ஒற்றைகள் காணவில்லை. தேடி வருகிறேன்."

கம்பளி: போலீஸ்ல புகார் குடுத்த மாதிரி இருக்கு. உங்க வீட்ல யாரும் சாதாரணமாவே பேசிக்க மாட்டீங்களா?

பத்திரம்: போன்ல அப்பா "ம்... ம்... சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான். தாள்ல எழுதினாத்தான் அவருக்கு வாயே திறக்கும்.

கம்பளி: எங்க அண்ணனுக்கு அதுவும் கிடையாது. மூணு பக்கத்துக்கு மெசேஜ் அனுப்பினா, திருப்பி ஒரு கட்டைவிரல் அனுப்புவான்.

பத்திரம்: படிச்சுட்டேன்னு அர்த்தம்.

கம்பளி: படிச்சிருந்தா ரெண்டு விரலாவது வரும்... எங்க அப்பா இருந்தப்போ...

பத்திரம்: என்ன?

கம்பளி: ஒண்ணுமில்ல. நீ எழுது. இது எத்தனையாவது லெட்டர்?

பத்திரம்: பதினெட்டு. இதுதான் கடைசி.

கம்பளி: ஏன்? அடுத்த வாரம் எழுத மாட்டியா?

பத்திரம்: போய்ச் சேர பத்து நாள். அடுத்த வாரம் போட்டா, ஊர்ல நானே வாசலுக்குப் போய் கையெழுத்துப் போட்டு வாங்கணும்.

கம்பளி: வாங்கேன். "அன்புள்ள அப்பா, நான் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறேன்."

பத்திரம்: ஹா! அதுக்கும் அவர் எண் போட்டுப் பதில் எழுதுவார்.

கம்பளி: நாலு மணிக்குத் தபால்காரன் பெட்டியைத் திறந்து எடுத்துட்டுப் போயிடுவான். சீக்கிரம் முடி. நான் எடுத்துட்டுப் போய்ப் போடறேன்.

பத்திரம்: இன்னைக்கு நான் போடறேனே.

கம்பளி: நீயா? எதுக்கு?

பத்திரம்: கடைசி லெட்டர். நானே ஒட்டி, நானே போடலாம்னு...

கம்பளி: அதெல்லாம் வேண்டாம். எழுதறது நீ, ஒட்டிப் போடறது நான். முதல் வாரத்துல பேசின பேச்சு. உனக்கு ஒட்டவும் வராது. கோந்தை அள்ளிப் பூசுவே, ஸ்டாம்ப் தலைகீழா நிக்கும்.

பத்திரம்: ஒரு கவர் ஒட்டறதுக்கு இவ்வளவு சண்டையா?

கம்பளி: சண்டை இல்லடி... வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல. மாத்தாதே. அவ்வளவுதான்.

பத்திரம்: சரி, சரி. மூஞ்சியைத் தூக்காதே. நீயே போடு.

கம்பளி: காலையில வந்த லெட்டரை இன்னும் படிச்சுக் காட்டலையே நீ? எப்பவும் வந்த உடனே படிப்பே. படிச்சுட்டு நேரா குளிக்கப் போவே.

பத்திரம்: காலையில குரூப் வேலை இருந்துது. அஞ்சு பேர், நாலு நாடு, ஒரே ஒரு படம் வரையணும். மூணு மணி நேரமா தலைப்பு எழுத்தோட கலருக்குச் சண்டை.

கம்பளி: நீ என்ன பண்ணினே?

பத்திரம்: சண்டையைக் குறிப்பெடுத்தேன்.

கம்பளி: அதானே! படி, படி.

பத்திரம்: "பதினைந்தாம் கடிதம் கிடைத்தது. ஒன்று. உடல்நலம் அறிந்தேன். இரண்டு. பேராசிரியரை அங்கே பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவரே சொன்னாலும் நீ அழைக்க வேண்டாம்."

கம்பளி: அய்யோ! நேத்துகூட "ஹலோ"ன்னு பேரைச் சொல்லிக் கையாட்டினியே.

பத்திரம்: அது இந்த லெட்டர்ல வராது. "மூன்று. அம்மாவின் முட்டிவலி தேவலை. அம்மாவைக் கேட்டால் தேவலை இல்லை என்கிறாள். நான்கு. மேற்படி சைக்கிள் உன் தம்பியின் சுவாதீனத்தில் இருந்து வருகிறது. மணி அடிக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை. மற்றபடி நல்ல நிலையில் உள்ளது."

கம்பளி: மணியும் பிரேக்கும் போனா சைக்கிள்ல என்னடி மிச்சம்?

பத்திரம்: தம்பி மிச்சம். "ஐந்து. எங்களுக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம். ஆறு. அம்மா ஒரு டார்ச் லைட் கேட்கிறாள்."

கம்பளி: அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல வீட்ல பெரிய யுத்தமே நடந்திருக்கு.

பத்திரம்: "ஏழு. ஸ்டேஷனுக்கு நானே வருவேன். நீ இறங்கியதும் அங்குமிங்கும் தேட வேண்டாம். கடிகாரத்துக்குக் கீழே நிற்பேன்."

கம்பளி: கடிகாரத்துக்குக் கீழேயா?

பத்திரம்: ஆமா, ஏன்?

கம்பளி: கடிகாரத்துக்குக் கீழே நிற்பேன்னு ஒருத்தர் லெட்டர் போட்டுச் சொல்றார். நான் வந்து இறங்கினா அண்ணன், "வண்டி பிடிச்சு வந்துடு"ன்னு ஒரு... விடு. அவ்வளவுதானா?

பத்திரம்: ஏழு கேட்டேன், ஏழு பதில்.

கம்பளி: வேற ஒண்ணும் எழுதலையா?

பத்திரம்: வேற என்ன எழுதணும்?

கம்பளி: இல்ல... பொதுவா கேட்டேன். நீ போயிட்டா அந்தக் கட்டிலுக்கு யார் வருவா?

பத்திரம்: ஆபீஸ்ல கேட்டேன். அடுத்த பருவம் முழுக்கக் காலியாத்தான் இருக்குமாம். ரெண்டு மேசை, ரெண்டு அலமாரி, எல்லாம் உனக்குத்தான். ராஜவாழ்க்கை.

கம்பளி: ஆமா. ராஜா கட்டிலுக்குக் கட்டில் மாறிப் படுத்துக்கலாம்.

பத்திரம்: என் மேசை விளக்கை வெச்சுட்டுப் போறேன். அந்த ரைஸ் குக்கரும் உனக்கு. பொது ஃப்ரிட்ஜ்ல என் தட்டுல உன் பேரை ஒட்டிடு, இல்லைன்னா எதிர் அறைக்காரன் பால் பாக்கெட்டை வெச்சுடுவான்.

கம்பளி: உயில் எழுதறியா?

பத்திரம்: தானப் பத்திரம். உயில்னா நான் சாகணும்.

கம்பளி: போடி... அப்பாவோட லெட்டரெல்லாம்?

பத்திரம்: அதைக் கட்டி எடுத்துட்டுப் போறேன். ஏன்?

கம்பளி: சும்மாதான். பழைய லெட்டரை வெச்சுட்டு நான் என்ன பண்ணப்போறேன்... ஏய், ஏய்! அடிக்கோலை எதுக்கு எடுக்கறே?

பத்திரம்: முடிச்சாச்சே. அடியில மிச்ச இடத்துக்குக் கோடு போடணும்.

கம்பளி: எதுக்குக் கோடு?

பத்திரம்: அப்பா சொல்லிக் குடுத்தது. பத்திரத்துல வெத்து இடம் விடவே கூடாது. விட்டா யாராவது இடையில புகுந்து ஒரு வரி எழுதிடுவாங்க. அதனால எழுத்து முடிஞ்ச இடத்துலேர்ந்து தாளோட அடி வரைக்கும் ஒரே கோடு. அவர் மளிகைச் சீட்டுக்குக்கூட கோடு போடுவார்.

கம்பளி: வேண்டாம்டி!

பத்திரம்: ஏன் கத்தறே?

கம்பளி: அசிங்கமா இருக்கும். மகள் அப்பாவுக்கு எழுதற லெட்டர்ல யாராவது குறுக்கே கோடு போடுவாங்களா? இத்தனை நாள் போடாமத்தானே அனுப்பினே?

பத்திரம்: ஆமா, இப்பல்லாம் மறந்து மறந்து போகுது. அப்பாகூட ஒரு தடவை குத்திக்காட்டினார்.

கம்பளி: மறந்தது நல்லதுதான். இன்னைக்கும் மறந்துடு. குடு இப்படி. மணி மூணே கால்.

பத்திரம்: இந்தா. கவர் டிராயர்ல இருக்கு. விலாசம் எழுதிட்டேன்.

கம்பளி: நீ எங்கே போறே?

பத்திரம்: குளிச்சுட்டு வரேன். அரை மணி ஆகும்.

கம்பளி: போ, போ. இந்தக் குளிர்ல அரை மணி நேரம் குளிக்கிற ஒரே ஜீவன் நீதான். மெதுவாவே வா.

பத்திரம்: அப்பா லெட்டர் மேசைமேலேயே இருக்கட்டும். டீயைக் கொட்டிடாதே.

கம்பளி: நான் ஏன் அதைத் தொடப்போறேன்? கதவைச் சாத்திட்டுப் போ...

கம்பளி: ...போயிட்டா. ஐயா, வாங்க. இந்தப் பக்கம் அவளுக்கு ஏழு. எனக்கு எப்பவும்போல பின்பக்கம்... பின்பக்கம்...

கம்பளி: வெள்ளை.

கம்பளி: ஒண்ணுமே எழுதலையா ஐயா? அவளோட பதினஞ்சாவது லெட்டர் அடியில அவ்வளவு தைரியமா கேட்டிருந்தேனே. கேட்டிருக்கக் கூடாதோ... காதை மூடிக்கிட்டு வெளியே போன்னு எழுதினீங்க. காலையில பட்டினி கிடக்காதேன்னு எழுதினீங்க. அதுக்கு மேல நான் ஆசைப்பட்டது தப்புதான்.

கம்பளி: சரி. நேரமாகுது. இவ லெட்டரோட அடியில... பேனா... ம். "எட்டு. ஐயா, உங்கள் மகள் வருகிறாள். இந்த எட்டாம் எண்ணும் இதோடு முடிகிறது. ஒவ்வொரு தடவையும் பதில் எழுதினீர்கள். அதுவே போதும். நான் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறேன். இனிமேல்..." கோந்து எங்கே... "இனிமேல் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்." அவ்வளவுதான். மடி. உள்ளே போ. ஒட்டு.

பத்திரம்: ஒட்டிட்டியா?

கம்பளி: அய்யோ! ஏண்டி பேய் மாதிரி வந்து நிக்கறே? அதுக்குள்ள குளிச்சாச்சா?

பத்திரம்: ஆச்சு.

கம்பளி: தலை நனையவே இல்லையே. துண்டும் காஞ்சு கிடக்கு.

பத்திரம்: அந்தக் குழாய்ல வெந்நீர் என்னைக்குடி வந்திருக்கு?

கம்பளி: அப்போ இத்தனை நாளா அரை மணி நேரம்...?

பத்திரம்: வாளியைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அப்பா லெட்டர் வர்ற அன்னைக்கெல்லாம்.

கம்பளி: எதுக்கு?

பத்திரம்: நீ பின்பக்கம் படிக்க வேண்டாமா?

கம்பளி: உனக்கு... தெரியுமா?

பத்திரம்: தெரியும். அழாதே. போர்வை நனைஞ்சா காய ரெண்டு நாளாகும்.

கம்பளி: நீ முன்பக்கம் மட்டும்தான் படிக்கறேன்னு நினைச்சேன்...

பத்திரம்: மளிகைச் சீட்டுக்குக் கோடு போடற வீட்டுப் பொண்ணு, அப்பா லெட்டரைத் திருப்பிப் பார்க்க மாட்டேனா?

கம்பளி: கோவமா?

பத்திரம்: முதல் தடவை இருந்துது. என் அப்பா உன்னைக் "காதை மூடிக்கொள்"ங்கறார், என்னை "சாக்ஸ் எங்கே"ங்கறார். ஒரு நாள் பூரா உன்கிட்டப் பேசலை. ஞாபகமிருக்கா?

கம்பளி: தலைவலின்னு சொன்னே!

பத்திரம்: தலைவலிதான். அப்புறம் போயிடுச்சு.

கம்பளி: அது போகட்டும். இந்தத் தடவை அவர் பதிலே எழுதலைடி. நீ போனப்புறம் நான் யாருக்கு எழுதறதுன்னு கேட்டிருந்தேன். பின்பக்கம் வெள்ளையா இருக்கு.

பத்திரம்: வெள்ளையாத்தான் இருக்கும். இந்தத் தடவை தனித் தாள். காலையிலேர்ந்து என் பையில வெச்சிருக்கேன்.

கம்பளி: ஏண்டி மறைச்சே!

பத்திரம்: இது ஒண்ணையாவது நானே உனக்குப் படிச்சுக் காட்டணும்னு ஆசை. மூணு தடவை எடுத்து, மூணு தடவையும் உள்ளே வெச்சுட்டேன். வாளி மேல போய் உட்கார்ந்தப்புறம்தான் தைரியம் வந்துது. கேளு. "எட்டு. என் மகள் திரும்பிய பிறகு யாருக்கு எழுதுவது என்று கேட்டிருந்தாய். விலாசம் மாறவில்லை. இடுக்கில் எழுத வேண்டாம். தனித் தாளில், எண் ஒன்றிலிருந்து தொடங்கவும்."

கம்பளி: ...இன்னொரு தடவை படி.

பத்திரம்: "எண் ஒன்றிலிருந்து தொடங்கவும்." கீழே கையெழுத்து. அதுக்குக் கீழே கோடு.

கம்பளி: அய்யய்யோ! நான் இப்பதான் இனிமே தொந்தரவு செய்ய மாட்டேன்னு எழுதி ஒட்டினேன். கோந்து ஈரமாத்தான் இருக்கு. பிரிச்சுடவா?

பத்திரம்: பிரிக்காதே. எழுதினதை அடிச்சா அப்பாவுக்குப் பிடிக்காது. பிழைதிருத்தல் பத்திரம்னு தனியா ஒண்ணு உண்டு. அடுத்த வாரம் எண் ஒண்ணுல அதை எழுது.

கம்பளி: வழவழன்னு எழுதினா திட்டுவாரா?

பத்திரம்: எண் போட்டுத் திட்டுவார். எழுந்திரு, நாலாகப் போகுது. செருப்பை மாட்டு. காதை மூடிக்கோ.

கம்பளி: ரெண்டு பேருமே போகலாமா?

பத்திரம்: வா. படியில பார்த்து. போர்வையை மிதிக்காதே... ம், பெட்டியோட வாயைத் தூக்கிப் பிடிக்கறேன். போடு.

கம்பளி: போட்டாச்சு. விழுந்த சத்தம் கேட்டுதா?

பத்திரம்: கேட்டுது.

கம்பளி: ஏய்... நான் முதல்ல ஒரு வரி எழுதினது, நீ கோடு போட மறந்த லெட்டர்லதான். அதுக்கப்புறம் நீ வாரா வாரம் மறந்ததெல்லாம்...?

பத்திரம்: மறந்தது ஒரே ஒரு தடவைதாண்டி. மத்ததெல்லாம் உனக்குன்னு விட்டு வெச்ச இடம்.