இருபத்தாறு வருஷம் சுமந்த முதுகு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, இனி என் பேச்சையும் தாங்கப்போகிற போதகர் ஐயா அவர்களே! வெள்ளை முடியால் இந்த மண்டபத்துக்கு வெளிச்சம் தருகிற பெரியோர்களே! எங்களைப் பெற்றதோடு நில்லாமல் பொறுத்துக்கொண்டும் இருக்கிற தாய்மார்களே! ஓடுவதற்கு வசதியாகக் கதவோரம் அமர்ந்திருக்கிற தம்பிமார்களே! தலைதாழ்ந்த தோத்திரம்.

இரக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசு என்றார் ஐயா. யாரைப் பார்த்து? என்னைப் பார்த்து! எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதத் தெரிந்தவன் தாளில் எழுதுவான், தாளைத் தொலைப்பான், மறந்து தொலைப்பான். நான் எல்லாவற்றையும் தலையில் அல்லவா எழுதி வைத்திருக்கிறேன்! அங்கே கரையான் ஏறுமா? மழைதான் நனைக்குமா? முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் இதே மண்டபத்தில் என் காலை மிதித்தவர் யாரென்று இப்போதும் சொல்வேன். எந்தக் கால் என்றும் சொல்வேன். சிரிக்காதீர்கள் பொருளாளர் அவர்களே, நீங்கள்தான்!

என் மனைவிக்கு ஒரு தம்பி. கொல்லுப் பட்டறையில் இரும்படிக்கிறவன். எங்கள் கல்யாணத்தன்று அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. பதிவேட்டை நீட்டினார்கள். மணமகள் முத்து முத்தாகக் கையெழுத்திட்டாள். நான் கட்டைவிரலில் மை தடவினேன். ஆலயம் முழுக்க அமைதி. அந்த அமைதிக்குள்ளே அவன் குரல்: "அய்யோ, அத்தான் கைநாட்டா!"

சபை சிரித்தது. பாடகர் குழு சிரித்தது. அப்போதிருந்த போதகர் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு குலுங்கினார். அன்று நிறுத்தினேன் அவனோடு பேச்சை. ஐந்து வீடு தள்ளித்தான் இருக்கிறான். எங்கள் வாசற்படி மிதித்ததில்லை. தம்பிக்கு ஆக்கிய சோற்றை மூடி எடுத்துக்கொண்டு என் மனைவி தெருவில் நடந்தாள். ஒரு நாளா, இரு நாளா? இருபத்தாறு வருஷம்!

பேசவில்லையே தவிர, பிரியவும் இல்லை. அதெப்படி என்கிறீர்களா? சபை பேண்டில் பெரிய டிரம் இருக்கிறதே, அதை ஒருவன் முதுகில் சுமந்து முன்னே நடக்க வேண்டும், ஒருவன் பின்னால் அடித்துக்கொண்டு வர வேண்டும். சுமக்க அகலமான முதுகு அவனிடம். அடிக்க ஆத்திரம் என்னிடம். பேண்டு மாஸ்டர் பொருத்தம் பார்த்துவிட்டார்!

அடித்தேன், அன்பானவர்களே, அடித்தேன்! ஆராதனைக்கு அடித்தேன், அடக்கத்துக்கு அடித்தேன். அன்பே உருவான ஆண்டவரைச் சபை பாட, "கைநாட்டா? கைநாட்டா?" என்று நான் அடித்தேன். என் வேகத்தில் சவப்பெட்டி தூக்கியவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். "என்னய்யா அவசரம், செத்தவரு வண்டி பிடிக்கணுமா?" என்று மாஸ்டர் கத்தினார். நான் நிறுத்தினேனா? டிரம்மின் இந்தப் பக்கம் தோல். அந்தப் பக்கம் அவன் எலும்பு.

போன மாதப் பவனியில் கர்த்தர் என்னைக் கவனித்தார். மச்சினன் முதுகில் ஒரு கட்டி, எலுமிச்சம்பழம் பருமனுக்கு! "இன்னிக்கு நீ சுமய்யா, அவரு அடிக்கட்டும்" என்றார் மாஸ்டர். என் உயிர் உள்ளங்காலுக்கு இறங்கியது. இரும்பைத் தகடாக்குகிற கை ஐயா அது! நான் எந்த உலோகம்?

டிரம்மை ஏற்றினேன். கண்ணை மூடினேன். பல்லைக் கடித்தேன். பின்னால், குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல, பொத்... பொத்... எனக்கே கேட்கவில்லை, ஊருக்கா கேட்கும்? டிரம்பெட் ஒரு சரணத்தில், கிளாரினெட் இன்னொரு சரணத்தில். சிலுவை பிடித்தவர் தெருமுனை தாண்டிவிட்டார். நம் போதகர் ஐயா இன்னும் ஆலய வாசலில்!

"டிரம் எங்கய்யா?" என்று மாஸ்டர் அலற, இருபத்தாறு வருஷப் பூட்டு தெறித்தது. "அடிடா!" என்றேன்.

"அடிச்சுட்டுத்தான் வர்றேன் அத்தான்."

"கேக்கலடா! ஓங்கி அடி!"

"ஓங்கி அடிச்சா நெஞ்சு வரைக்கும் கலங்கும் அத்தான். எனக்குத் தெரியும்."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். கிளாரினெட்காரர் வந்து மோதினார். அவன் மட்டும் பேசிக்கொண்டே இருந்தான்: "ஒரு அடி வர்ற இடத்துல மூணு வரும். எதுக்குன்னு தெரியாதா எனக்கு? அன்னிக்கு வாயை விட்டேன், அதான் முதுகைக் குடுத்தேன். அடிச்சுத் தீர்த்துட்டா வீட்டுக்குக் கூப்பிடுவீங்கன்னு பாத்தேன். நீங்க தீர்க்கவே மாட்டேங்கறீங்களே!"

கேட்டீர்களா பெரியோர்களே? அறியாத வயதில் அவன் சொன்னது ஒரே ஒரு சொல். நான் திருப்பிக் கொடுத்தது வாரந்தவறாமல்! நம் ஆண்டவர் நம்மை அடித்துத் தீர்த்துவிட்டா மன்னிக்கிறார்? ஆணி அடித்தவர்களை, அவர்கள் கையில் சுத்தியல் இருக்கும்போதே மன்னித்தவர் அல்லவா அவர்! அவர் பேரைச் சொல்லிக்கொண்டு நான் செய்தது என்ன? என் நினைவு பெரிது, பெரிது என்று நெஞ்சை நிமிர்த்தினேனே. அவன் முதுகு அல்லவா பெரிது! அவன் பொறுமை அல்லவா பெரிது!

அன்று டிரம்மைச் சுமந்தபடியே விறுவிறுவென்று நடையைக் கட்டினேன். ஒரு மாதமாக வெட்கத்தில் அவன் வாசலைச் சுற்றிக்கொண்டு வேறு தெருவில் போனேன். இன்று சொல்கிறேன், சபை சாட்சியாகச் சொல்கிறேன். தூண் மறைவில் தலை குனிந்திருக்கிற மச்சான்! என்னை மன்னிச்சிடுடா. வீட்டுக்கு வா. இன்னிக்கே வா. உங்கக்கா ஆக்கி வச்சிருக்கா.

என்ன? சத்தமாகச் சொல், கேட்கவில்லை... "வர்றேன் அத்தான். நீங்க பேச்சை நிறுத்தினாத்தானே வர முடியும்" என்கிறான்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள், நானும்தான் சிரிக்கிறேன்.

நிறுத்திவிட்டேன்! பொறுத்திருந்த காதுகளுக்கெல்லாம் என் நன்றி. அதோ, தாய்மார்கள் பக்கம் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எல்லோருக்கும் தோத்திரம்! கொஞ்சம் வழிவிடுங்கள் ஐயா, என் மச்சினன் வீட்டுக்கு வருகிறான்!