ஷேடு பார்க்க வாசலுக்கு வா

பச்சையப்பன்: அந்தத் தட்ட கொஞ்சம் தள்ளி வெய் பாய். வாசனை மூஞ்சில அடிக்குது.

கவுஸ் பாஷா: இன்னா சொன்ன?

பச்சையப்பன்: தள்ளி வெய்னேன்.

கவுஸ் பாஷா: அரே அல்லா... மெல்ல பேசு பச்சையப்பா. ஆம்பூர்ல ஒக்காந்துகினு பிரியாணி வாசனை புடிக்கலன்னு சொல்ற. கல்லாவுல இருக்கறவர் காதுல விழுந்தா ஊர விட்டே தள்ளி வெச்சிடுவாங்க.

பச்சையப்பன்: பசிக்கல. அவ்ளோதான்.

கவுஸ் பாஷா: உனக்கா பசிக்கல! என் நிக்காவுல ஒரு டேக்ஸா பிரியாணிய நீ ஒருத்தனே காலி பண்ண. சமையல்காரரு அழுதுகினே இன்னொரு டேக்ஸா அடுப்புல ஏத்தினாரு.

பச்சையப்பன்: பொய் பேசாத. அரை டேக்ஸாதான். மீதி உன் மாமனாரு.

கவுஸ் பாஷா: அந்தக் கத்திரிக்காவயாவது தொடு.

பச்சையப்பன்: வேணாம்னா விடேன்... ஆமா, கடைக்குள்ள எதுக்கு கருப்புக் கண்ணாடி? சினிமாவுல சேந்துட்டியா?

கவுஸ் பாஷா: கண்ணு ஆபரேஷன். பொரை. வலது கண்ணு. கண்ணாடிய கழட்டவே கூடாதுன்னு டாக்டர் உத்தரவு.

பச்சையப்பன்: எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?

கவுஸ் பாஷா: சொன்னா ஆரஞ்சுப் பழம் வாங்கினு வருவ. வந்து நீயே உரிச்சுத் தின்னுட்டுப் போவ. பேச்ச மாத்தாத. எழுந்திரு.

பச்சையப்பன்: எங்க?

கவுஸ் பாஷா: வாசலுக்கு. வெளிச்சத்துல ஷேடு பாக்கணும்.

பச்சையப்பன்: தோல் ஷாப்புலேந்து ரிட்டயர் ஆவியும் ஷேடா? தோலு எங்க?

கவுஸ் பாஷா: தோலு நீதான். வா... இப்பிடி நில்லு. மேல பாரு. கண்ண நல்லா தொற...

பச்சையப்பன்: லாரிப் புழுதி விழுது யா.

கவுஸ் பாஷா: விழட்டும். மூடாத. போன்ல ஒரு படம் எடுத்துக்கறேன்... ஆச்சு. இந்தா, நீயே பாரு. இன்னா ஷேடு?

பச்சையப்பன்: ...படம் சரியா விழல.

கவுஸ் பாஷா: தோல் ஷாப்புல காலமெல்லாம் ஷேடு மேஸ்திரி நீ. மஞ்சள்லயே முன்னூறு மஞ்ச இருக்குதுன்னு இத்தாலிக்காரனுக்கே பாடம் எடுத்தவன். அவன் நோட்டு வாங்கி எழுதிக்கினான். சொல்லு.

பச்சையப்பன்: நோட்டெல்லாம் எழுதல. தலைய ஆட்டினான்.

கவுஸ் பாஷா: ஷேட சொல்லு யா!

பச்சையப்பன்: ...லைட் மஞ்ச.

கவுஸ் பாஷா: லைட்டா?

பச்சையப்பன்: சரி... கொஞ்சம் ஜாஸ்திதான். பழுத்த எலுமிச்ச.

கவுஸ் பாஷா: இந்த ஷேடுல ஒரு லாட் தோலு வந்தா இன்னா பண்ணுவ?

பச்சையப்பன்: ...ரிஜெக்ட்.

கவுஸ் பாஷா: தெனம் ஷேவ் பண்றியே, கண்ணாடில உன் கண்ண பாக்கவே இல்லியா?

பச்சையப்பன்: பாத்தேனே. நல்லாத்தான் தெரிஞ்சுது.

கவுஸ் பாஷா: எந்த வெளிச்சத்துல?

பச்சையப்பன்: பாத்ரூம்ல... பல்புல.

கவுஸ் பாஷா: எந்த பல்பு?

பச்சையப்பன்: ...பழைய குண்டு பல்பு.

கவுஸ் பாஷா: மஞ்ச பல்பு! ட்யூப்லைட்டுக்குக் கீழ ஷேடு பாத்தவன தோல சுருட்டி தொரத்தி தொரத்தி அடிச்சவன் நீ. "வாசலுக்கு எடுத்துனு போயி பகல் வெளிச்சத்துல பாருடா"ன்னு நீ கத்துன கத்து பாலாத்துக்கு அந்தாண்ட கேக்கும். உன் கண்ண நீ மஞ்ச பல்புல பாத்தியா?

பச்சையப்பன்: ...தப்புதான்.

கவுஸ் பாஷா: ஒண்ணுக்கு இன்னா கலர்ல போவுது?

பச்சையப்பன்: சீ! பிரியாணிக் கடையில கேக்கற கேள்வியா இது?

கவுஸ் பாஷா: கடைக்கு வெளியதான நிக்கறோம். சொல்லு.

பச்சையப்பன்: ...கட்டி டிக்காஷன் மாதிரி.

கவுஸ் பாஷா: உடம்பெல்லாம் அரிப்பு? சோத்த பாத்தா கொமட்டல்? நாலு படி ஏறினா அசதி?

பச்சையப்பன்: இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

கவுஸ் பாஷா: என் மச்சான். மருந்துக் கடை வெச்சிருக்கான்ல.

பச்சையப்பன்: உன் மச்சான் டயர் கடைதான வெச்சிருக்கான்?

கவுஸ் பாஷா: அது... இன்னொரு மச்சான். நீ அந்தப் பவுடர இன்னும் குடிக்கறியா?

பச்சையப்பன்: எந்தப் பவுடர்?

கவுஸ் பாஷா: உன் பொண்ணு சங்கீதா காலைல அவ நடத்தற கிளப்புல கலக்கிக் குடுக்கறாளே, உடம்பு எளைக்கற பவுடர்.

பச்சையப்பன்: அதுவா? அது மூலிகை பாய். நூத்துக்கு நூறு. மூலிகை ஒண்ணும் பண்ணாது.

கவுஸ் பாஷா: ஒண்ணும் பண்ணலன்னா உன் தொப்பை எப்பிடி கொறஞ்சுது?

பச்சையப்பன்: அது... அத மட்டும் பண்ணும்.

கவுஸ் பாஷா: நல்லா கேட்டுக்க. அந்தக் காலத்துல நான் தொட்டியில இன்னா போட்டு தோல் ஊற வெச்சேன்?

பச்சையப்பன்: ஆவாரம்பட்டை. கடுக்கா.

கவுஸ் பாஷா: ரெண்டும் மூலிகையா இல்லியா?

பச்சையப்பன்: மூலிகைதான்...

கவுஸ் பாஷா: தொட்டியில எறங்கும்போது எரும. ஏறும்போது செருப்பு! ஒண்ணும் பண்ணாத மூலிகையா அத பண்ணுச்சு? எரும தோலையே மாத்துது. உன் ஈரல் இன்னா, எரும தோல விட தடிப்பா?

பச்சையப்பன்: கடுக்காய மருந்துக்கும்தான் சாப்புடறாங்க.

கவுஸ் பாஷா: வைத்தியரு நாடி பாத்து ஒரு சிட்டிகை தருவாரு. நீ இன்னா எலை, இன்னா வேருன்னே தெரியாம ஸ்பூன் ஸ்பூனா கொட்டுற. டப்பாவுல எழுதியிருக்கறத படிச்சியா?

பச்சையப்பன்: எழுத்து எறும்பு மாதிரி இருக்குது. யாரு படிக்கறது? ஆனா ஒண்ணு பாய், நான் சாராயத்த மோந்து கூட பாத்ததில்ல. ஈரல் கெடறது குடிகாரனுக்குத்தான்.

கவுஸ் பாஷா: ஈரலுக்கு பாட்டில் எது, பவுடர் எதுன்னு தெரியாது யா. வாய் வழியா எது வந்தாலும் அதுதான் அலசணும். பவுடரோட நிறுத்தினியா? முதுகு வலின்னு கடையில மாத்திரை வேற.

பச்சையப்பன்: சரி, விடு. நாளையிலேந்து பவுடர நிறுத்திடறேன். கீழாநெல்லி அரைச்சு மோருல குடிச்சா காமாலை எறங்கிடும்.

கவுஸ் பாஷா: வாரே வா! ஷேடு தப்பான தோல எடுத்து இன்னொரு தொட்டியில போடறியா? ஒண்ணும் குடிக்காத. இன்னிக்கே நிறுத்து. வேலூருக்கு வா. ஈரல் டாக்டர் ரத்தம் எடுத்துப் பாக்கட்டும்.

பச்சையப்பன்: மாட்டேன்.

கவுஸ் பாஷா: ஊசிக்கு பயமா?

பச்சையப்பன்: ஊசி இல்ல பாய்... பஸ் ஸ்டாண்டாண்ட சங்கீதா கிளப்பு பேனர் இருக்குதே, பாக்கலியா?

கவுஸ் பாஷா: பாக்காம? "முன்", "பின்"னு உன் ரெண்டு படம். "முன்" படத்துல நீ லாரிய முழுங்கின மாதிரி இருக்க.

பச்சையப்பன்: மூச்ச விட்டு வயித்த தள்ளி நில்லுப்பான்னா, நின்னேன்.

கவுஸ் பாஷா: "பின்" படத்துல?

பச்சையப்பன்: மூச்ச இழுத்துப் புடின்னா... நாளாச்சு, இன்னும் விடல.

கவுஸ் பாஷா: சிரிக்க வெக்காத. நான் கோவமா இருக்கேன்.

பச்சையப்பன்: சிரிப்பு இல்ல பாய். ஷூ கம்பெனில தையல் மிஷின்ல குனிஞ்சு குனிஞ்சு அவளுக்குக் கழுத்தே போச்சு. இப்பதான் சொந்தமா ஒரு கிளப்பு. நாலு பேர் "மேடம்"னு கூப்புடறாங்க. பவுடர் கம்பெனிக்காரன் நல்லதுன்னு சொன்னத நம்பித்தான விக்கறா? நான் ஆஸ்பத்திரியில படுத்தா அந்த பேனர யாரு மதிப்பாங்க? புள்ள தலை குனிஞ்சிடும்.

கவுஸ் பாஷா: தெரியும். அதனாலதான் கேக்கறேன். கிளப்புக்கு வர்றவங்க எத பாத்து வர்றாங்க?

பச்சையப்பன்: ...என் பேனர பாத்து.

கவுஸ் பாஷா: அவங்க வீட்டு பாத்ரூம்ல எந்த பல்பு இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா? சங்கீதாவும் அத குடிக்கறாளா?

பச்சையப்பன்: ...குடிக்கறா. காலைல மொத டம்ளர் அவளுதுதான். "நான் குடிச்சு காட்டினாத்தான் நம்புவாங்கப்பா"ன்னுவா.

கவுஸ் பாஷா: அப்பறம்?

பச்சையப்பன்: போன குடு.

கவுஸ் பாஷா: எதுக்கு?

பச்சையப்பன்: குடுன்றேன்ல! அந்தப் படத்த அவளுக்கு அனுப்பு... அனுப்பிட்டியா? இப்ப கூப்புடு... ஹலோ, சங்கீதாம்மா. அப்பாதான், பாய் போன்லேந்து. ஒரு படம் வந்திருக்கும், பாரு... ஆமா, என் கண்ணுதான். வெளிச்சம் இல்லம்மா, நிஜம்... இரு, நான் பேசி முடிக்கறேன். நாளைக்கு கிளப்ப தொறக்காத. ஒருத்தருக்கும் ஒரு டம்ளர் குடுக்காத. நீயும் குடிக்காத... கம்பெனிக்காரன் திட்டினா எங்கிட்ட பேசச் சொல்லு. இப்ப வாசலுக்குப் போயி, கண்ணாடிய புடிச்சு உன் கண்ண பாரு. பாத்ரூம்ல இல்ல, வாசல்ல... பாத்துட்டியா? வெள்ளையா? நல்லா பாத்தியா? ...அப்பாடா. சரி, வெள்ளையா இருந்தாலும் ரத்தம் குடுத்துப் பாத்துடலாம். டப்பாவ எடுத்துகினு வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வா. லேபிள கிழிக்காத, டாக்டர் படிக்கணும்... அழாதம்மா. நீ இன்னா தெரிஞ்சா குடுத்த? வர்றவங்க எல்லாருக்கும் நானே சொல்றேன். பேனர கூட எறக்க வேணாம். "முன்", "பின்" பக்கத்துல இந்தக் கண்ணையும் போடு. "அதுக்கும் பின்"னு எழுது... சரி, வை.

கவுஸ் பாஷா: ஷாபாஷ் தோஸ்த்! ஷேடு மேஸ்திரின்னா இவன் மேஸ்திரி! நட. பஸ்சு வர்ற நேரம்தான்.

பச்சையப்பன்: நான் நடக்கறது இருக்கட்டும். உள்ள மேசைய பாரு.

கவுஸ் பாஷா: இன்னா?

பச்சையப்பன்: ரெண்டு தட்டு. என்னுத நான் தொடல. சரி. உன்னுதுல ஏன் ஒரு வாய் கொறையல?

கவுஸ் பாஷா: நீ சாப்புடாம நான் எப்பிடி...

பச்சையப்பன்: நான் கைய கழுவறதுக்குள்ள என் தட்டுல கறித்துண்டு திருடறவன் நீ.

கவுஸ் பாஷா: ஆபரேஷன் யா. பத்தியம்.

பச்சையப்பன்: எந்தக் கண்ணு?

கவுஸ் பாஷா: இடது.

பச்சையப்பன்: உள்ள வலதுன்ன.

கவுஸ் பாஷா: ...ரெண்டும்தான்.

பச்சையப்பன்: பாய்... அன்னிக்கு ஒரு டப்பா பவுடர் குடுத்தேனே. அத இன்னா பண்ண?

கவுஸ் பாஷா: அதுவா? ஆட்டுத் தண்ணில கலக்கிட்டேன். ஆடு மோந்து பாத்துட்டு என்ன மொறச்சுது பாரு, எங்க மாமியார் கூட அப்பிடி மொறச்சதில்ல.

பச்சையப்பன்: பக்ரீதுக்கு அப்பறம் உன் வீட்ல ஆடே இல்லியே. காலைல உன் சம்சாரம் சுகரா தங்கச்சி போன் பண்ணுச்சு. "அவரு சோறே திங்கல, கேட்டா எரிஞ்சு விழறாரு, நீங்க வந்து பாருங்கண்ணா"ன்னு அழுதுது. இல்லன்னா இந்தக் கொமட்டலோட பிரியாணி வாசனை அடிக்கற தெருவுக்கு நான் ஏன் வரப் போறேன்? உன்ன இழுத்துனு போக வந்தேன். அதுக்குள்ள நீ என்ன இழுத்துட்ட. நான் குடுத்த டப்பா அது, என் முன்னாடி பொய் பேசாத. இப்பிடி வாசலுக்கு வா. கண்ணாடிய கழட்டு.

கவுஸ் பாஷா: ...கழட்டிட்டேன். ஷேட சத்தமா சொல்லாத, தெருவுல மானம் போவும். அந்த ஆடு நான்தான் தோஸ்த். நீ குடுத்ததாச்சேன்னு டப்பா அடி தெரியற வரைக்கும் சுரண்டிக் குடிச்சேன். நேத்து வேலூர்ல டாக்டர் ரத்த ரிப்போர்ட்ட பாத்துட்டு, இப்பவே பெட்டுல படுங்கன்னாரு. அப்பறம், "இத குடுத்தவர் எப்பிடி இருக்காரு?"ன்னு ஒரு கேள்வி கேட்டாரு. அவர கூட்டினு வந்துட்டுத்தான் படுப்பேன்னு எழுந்து வந்துட்டேன்.