தப்பி ஓடிவிட்டார்

— எழுதறதுக்கு முன்னால, யார் யார் இருந்தாங்க, எங்க உட்கார்ந்தாங்கன்னு ஓரத்துல குறிச்சுக்கறது என் வழக்கம். கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸ் எதிர்ல, மனு எழுதற செந்தமிழ்ச்செல்வி, என்னோட மேசை. மேசைக்கு இந்தப் பக்கம் நான். எதிர் பெஞ்சுல, இறந்துபோன முனியனோட சம்சாரம் கலையரசி. அந்தக் கோடியில ஸ்டூல்ல, மணலூர்பேட்டை வேன் டிரைவர் அய்யப்பன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் மேசை. அது நடுவுலயே இருக்கட்டும்.

— இந்தாள யாரு இங்க வரச் சொன்னது? என் மனுவ நான் எழுத வந்துகிறேன். இவன் எதுக்கு ஸ்டூல் போட்டுக்கினு குந்தியிருக்கான்?

— நானாத்தான் வந்தேங்க. ஜாமீன் கையெழுத்துக்குப் போனப்ப ஸ்டேஷன்ல சொன்னாங்க, நான் ஓடிட்டேன்னு நீங்க எஸ்.பி.க்கு மனு குடுக்கப் போறீங்கன்னு. ஒரே ஒரு வரிக்காக வந்தேங்கக்கா.

— அக்கான்னு கூப்புட்ட, செருப்பு பிஞ்சிரும்.

— செருப்பெல்லாம் மனுவுல வராதும்மா. வரிசையா வாங்க. இதுவரைக்கும் எழுதினத வாசிக்கறேன். "ஐயா, என் கணவர் முனியன் மலைக் கிராமங்களுக்கு பைக்கில் கருவாடு கொண்டுபோய் விற்பவர். கடந்த மாதம் ஒருநாள் பிற்பகல் கரியாலூருக்கு மலை ஏறிக்கொண்டிருந்தார். எதிரே மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கிய மினி வேன் வளைவில் அவர் மீது மோதியது. வேனை ஓட்டிவந்த அய்யப்பன், உயிருக்குப் போராடியவரை நடுரோட்டில் போட்டுவிட்டுத் தப்பி ஓடிவிட்டார்." அந்தக் கடைசி வரியா தம்பி?

— அதேதாங்க. மோதினது நான்தான். வளைவுல அவரு பக்கம் ஏறிட்டேன். அது என் தப்பு, அத எத்தினி வாட்டி வேணா எழுதுங்க. ஓடிப்போனேன்னு மட்டும் எழுதாதீங்க. அப்படி ஆயிட்டா கேஸே வேற மாதிரி போயிரும். லைசென்சும் போயி, என்னையும் உள்ளாற போட்டுருவாங்க.

— போவட்டுமே. எம்புருசன் மண்ணுக்குள்ள போயிட்டான். இவனுக்கு லைசென்ஸ் போவுதாம்.

— ஓடலன்னா என்ன பண்ணீங்க தம்பி? வரிசையா சொல்லுங்க.

— மோதின எடத்துலயே வண்டிய ஆஃப் பண்ணேன். ஓரங்கட்டக் கூட இல்லீங்க. இண்டிகேட்டர் நாலையும் எரிய வுட்டேன். மேலருந்து எறங்கறவன் எங்க மேலயே ஏத்திடக் கூடாதுன்னு வளைவுக்கு முன்னாடி கொப்பு ஒடிச்சிப் போட்டு கல்லு வச்சேன். அவரத் தூக்கல. முதுகுல அடியா, இடுப்புல அடியான்னு தெரியாம தூக்கக் கூடாதுன்னு டிரைவிங் கத்துக்கறப்ப சொன்னாங்க. தொடையில ரத்தம் கொட்டிச்சு, சட்டையக் கழட்டி இறுக்கி அமுத்திக் கட்டினேன்.

— தண்ணி கேட்டாரே, குடுத்தியா?

— குடுக்கலீங்க.

— எழுதிக்கங்க. சாவற மனுசன் தண்ணி கேட்டாரு, இவன் குடுக்கல.

— வயித்துல அடிபட்டிருந்தா குடிக்கக் குடுக்கக் கூடாதுங்க. ஒதட்ட மட்டும் நனைச்சி வுட்டேன்.

— டாக்டரு பேசறாரு பாருங்க. கெழங்கு மூட்டை ஏத்தற டாக்டரு.

— இருங்கம்மா. தண்ணி கேட்டத உங்களுக்கு யார் சொன்னது?

— எங்க ஊரு தங்கமணிதான். பின்னாடியே ஜீப்புல மேல ஏறிக்கினு இருந்திருக்கான். அவன்கிட்டயும் எம்புருசன் தண்ணி கேட்டுகிறாரு. அவன் தல தூக்கிப் பாத்தா, மேல் வளைவுல இந்தாளு சட்டை கூட இல்லாம வுழுந்தடிச்சிக்கினு ஓடறான். தொண்டை கிழியக் கத்திகிறான் தங்கமணி. இவன் திரும்பிக்கூடப் பாக்கல.

— ஓடினீங்களா தம்பி?

— ஓடினேங்க.

— கேட்டீங்களா? அவன் வாயாலயே வந்துருச்சு. கவர எடுங்க.

— மேல ஓடினேங்க. தப்பிக்கறவன் மலை மேல ஓடுவானா? காட்டுல எறங்கியிருந்தா கச்சிராயபாளையம் போயி பஸ் ஏறியிருப்பேன். நான் போன்ல டவர் கிடைக்கற எடத்துக்கு ஓடினேன். மோதின எடத்துல டவரே கிடையாது. ரெண்டு வளைவு மேல ஒரு பாறை இருக்கு, அது மேல ஏறி நின்னாத்தான் ஒத்தக் கோடு வரும். மலைக்குப் போறவங்க அங்க வண்டிய நிறுத்திக்கினுதான் பேசுவாங்க.

— கதை வுடாத. நீ மணலூர்பேட்டைக்காரன். அந்தப் பாறை உனக்கு எப்படித் தெரியும்?

— அவருதான் சொன்னாரு.

— எவரு?

— உங்க வூட்டுக்காரரு.

— நிறுத்தாதீங்க தம்பி. சொல்லுங்க.

— என் சிம்முக்கு அந்த மலையிலயே டவர் எடுக்காதுங்க. நான் போனத் தூக்கிப் புடிச்சிக்கினு அங்கயும் இங்கயும் அலையறத படுத்துக்கினே பாத்தாரு. "யோவ், அது இங்க வேலைக்கு ஆவாது. என் போன எடுத்துக்கினு மேல பாறைக்கு ஓடு"ன்னாரு. அவரு சட்டைப் பாக்கெட்டுல பட்டன் போன் இருந்துச்சு. அத எடுத்துக்கினுதான் ஓடினேன். நூத்தியெட்டுக்குப் போட்டு எடத்த சொன்னேன். திரும்பி வந்து போன அவரு பாக்கெட்டுல வைக்கிறேன், ஓடினவன் மாட்டிக்கினான்னு ஜீப்புல வந்த தங்கமணி ஆளுங்க சூழ்ந்துக்கினாங்க. பல்லு ரெண்டு போச்சு. அவங்கள நான் ஒன்னும் சொல்லல. ஆம்புலன்ஸ் மலை ஏறி வந்து அவர ஏத்தினாங்க. நானே கரியாலூர் ஸ்டேஷனுக்குப் போயி, இடிச்சது நான்தான்னு சொன்னேன். கீழ எறங்கறதுக்குள்ள அவரு போயிட்டாருன்னு அங்கதான் சொன்னாங்க.

— வாயில வந்தது எல்லாம் சாட்சியா? செத்தவன் எழுந்து வந்து இல்லன்னு சொல்ல மாட்டான்னு தைரியம்.

— நூத்தியெட்டுக்குப் போட்டது அந்தப் போன்லயே இருக்குங்க. என் வாய்க்குத் தையல் போட போலீஸ்காரங்க பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தாங்க. அப்ப பாத்தேன், அவரு துணிமணி, போனு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு நர்சம்மா உங்க கையில குடுத்தாங்க.

— போன் எங்கம்மா?

— ஒடஞ்சிபோச்சி.

— ஒடையலீங்க. நான்தான பாக்கெட்டுல வச்சேன்.

— ஒடஞ்சிபோச்சின்னு சொல்றேன் இல்ல. நீ இன்னா பெரிய கம்பெனிக்காரனா, கேரண்டி குடுக்கற?

— சரி. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் தம்பி. அந்தப் போன்லருந்து நூத்தியெட்டுக்கு மட்டும்தான் போட்டீங்களா?

— அது மனுவுக்கு வேணாங்க.

— எனக்கு வரிசை அறுபடக் கூடாது. வேற யாருக்குப் போட்டீங்க?

— இவங்க முன்னாடி வேணாம். வுட்டுருங்க.

— ஏன், சோடிக்க நேரம் பத்தலியா? சொல்லு. எந்த வாயால சொல்றன்னு நானும் பாக்கறேன்.

— உங்களுக்குத்தாங்க.

— சொல்லுங்க தம்பி. பாதியில நிக்காதீங்க.

— "வூடு"ன்னு பேர் போட்டிருந்துச்சு. அவருதான் போடச் சொன்னாரு. "காய்ச்சலோட மலைக்குப் போவாதன்னு காலையில சண்டை. கோவமாத்தான் இருப்பா, சுலபத்துல எடுக்க மாட்டா. எடுக்கற வரைக்கும் போடு"ன்னாரு. போட்டேங்க. ரிங்கு போயி போயி நின்னுச்சு. திரும்பவும் போட்டேன். அப்பால கட் பண்ணீங்க. அதுக்கப்புறம் சுவிட்ச் ஆஃப். இத எங்கயும் நான் சொல்லல. ஸ்டேஷன்லயும் சொல்லல.

— அம்மா. கலையரசியம்மா.

— எழுதி முடிச்சிட்டீங்க இல்ல? பேனாவ இப்படிக் குடுங்க.

— அவசரப்படாதீங்கம்மா. வேற தாள்ல எழுதித் தரேன். வளைவுல தப்பா வந்து மோதினாருன்னு அழுத்தமா எழுதறேன், அதுக்கு உண்டான தண்டனை இவருக்கு உண்டு. ஓடினாருங்கறத மட்டும் எடுத்துருவோம்.

— ஒரு வரி மாறக் கூடாது.

— பொய்யின்னு தெரிஞ்ச அப்புறம் என் கையால எழுத மாட்டேன்.

— எழுதச் சொல்லல. எழுதினதுலதான் கையெழுத்து போடறேன். இந்தா, போட்டாச்சு. கவர் எங்க? கோந்து?

— அக்கா, உங்க கால்ல வேணா வுழறேன்.

— எட்டப் போ. மேசைக்கு அந்தாண்ட நில்லு.

— அம்மா, நீங்க ஒட்டறதுக்கு முன்னால இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்தப் போன நீங்க பாத்தீங்களா?

— தெனம் பாக்கறேன். காரியத்தன்னிக்குப் பந்தி நடக்கறப்ப கூட பின்கட்டுல குந்திக்கினு பாத்தேன். நூத்தியெட்டு இருக்குது. அதுக்கு மேல வூடு, வூடு, வூடு.

— தெரிஞ்சுதான் வந்தீங்களா?

— எம்மாமியா கேக்கறா, எம்புள்ளைய நடுரோட்டுல வுட்டது யாருன்னு. எம்பொண்ணு கேக்குது. ஊரே கேக்குது. போன கட் பண்ணவ நானுன்னு சொல்லவா? கோந்து காஞ்சிருச்சி. தபால்பொட்டி இந்த வேப்பமரத்துக்கிட்டதான?

— போட்டுட்டா திரும்ப எடுக்க முடியாதும்மா. போலீஸ்காரங்க போன் கம்பெனியில நம்பர் கேட்டு வாங்குவாங்க. இவரு ஓடலன்னு எப்படியும் வெளிய வந்துரும்.

— வரட்டும். உள்ள போட்டுட்டேன். வர்ற வரைக்குமாச்சும், ஓடிப்போனது இவனா இருக்கட்டும்.